முன்பின் தெரியாதவனுக்கு ஒரு மில்லியன்

சென்ற மாதம் ரேவதி தொலைபேசியில் அழைத்தாள். நான் ஓய்வுபெற்ற காப்புறுதிக் கொம்பனியில் பல வருடம் எனக்கு எதிர்மேசையில் இருந்தவள். மதுரைப் பக்கத்துப் பெண். இப்போது என் பழைய பிரிவை அவள்தான் பார்க்கிறாள்.

"அக்கா, சட்டம் மாறுது தெரியுமா? இதுவரைக்கும் கார் பாலிசியில தானா வந்துக்கிட்டிருந்த சில நன்மைகளை இனிமே வேணும்னா எடு, வேணாம்னா விடுங்கிறாங்க. போன் பண்றவங்க எல்லாம் எதை வெட்டலாம்னுதான் கேக்கிறாங்க. வெட்டுறதோட வெட்டா குடும்பப் பாதுகாப்பு இணைப்பையும் எடுத்துடச் சொல்றாங்க. நீங்க அந்த சிவநேசன் சார் கேஸை எழுதுங்களேன். நம்ம ஆளுங்க படிப்பாங்க."

"நான் வாழ்க்கையில ரிப்போட் மட்டும்தான் எழுதியிருக்கிறன், ரேவதி."

"ரிப்போர்ட்ல எழுத முடியாததை எழுதுங்க."

அவள் சொன்னது பிறகும் மனதைவிட்டுப் போகவில்லை. இரண்டு குடும்பங்களிடமும் கேட்டு, அவர்கள் சம்மதித்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

நான் ரொறன்ரோவுக்கு வந்தபோது சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு மாடிக் கட்டடத்தில், உறவினர் வீட்டின் வரவேற்பறையில் படுத்தேன். பகலில் அலுவலகங்களைத் துப்புரவு செய்தேன். மாலையில் வகுப்புக்குப் போனேன். நான் துடைத்த அலுவலகங்களில் ஒன்றிலேயே கடிதங்களைப் பிரித்துக் கொடுக்கும் வேலை கிடைத்தது. அங்கிருந்து கோப்பு அறை, பிறகு பரீட்சை, அதன்பின் அட்ஜஸ்டர் வேலை. ஒருவருக்கு விபத்து நடந்தால், அவருடைய பாலிசியின்படி கொம்பனி என்ன கொடுக்க வேண்டும் என்று விசாரித்துத் தீர்மானிப்பவர்தான் அட்ஜஸ்டர். ஓய்வுபெறும்வரை அதைத்தான் செய்தேன்.

எனக்கு அந்த வேலையைப் பழக்கியவர் டொறீன். கயானாவில் பிறந்து சிறுவயதில் இங்கே வந்தவர். உயரமான பெண். குரல் மட்டும் மெதுவாக இருக்கும். யாரையும் திட்டியதை நான் கேட்டதில்லை. ஆனால் அவர் "அப்படியா?" என்று கேட்டால் நாங்கள் கோப்பை எடுத்துக்கொண்டு மறுபடி மேசைக்குப் போய்விடுவோம். புதிய விபத்து ஒன்று வந்தால், காயப்பட்டவரை அழைப்பதற்கு முன் அவருடைய பாலிசியை முழுவதும் வாசிக்க வேண்டும் என்பது அவருடைய முதல் விதி. "கையில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் யாருக்கும் ஆறுதல் சொல்லாதே. பிறகு அந்த ஆறுதலை நீயே திருப்பி வாங்க வேண்டிவரும்" என்பார். கெட்ட செய்தியானால் தொலைபேசியில் சொல்லக் கூடாது, வீட்டுக்குப் போக வேண்டும். தேநீர் கொடுத்தால் குடிக்க வேண்டும். குடிக்காவிட்டால் பொலிஸ்காரி மாதிரி இருக்கும் என்பார். செய்தியை முதல் ஐந்து நிமிடத்துக்குள் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். அவர்கள் கேட்க விரும்புவதைக் கேட்டு முடிக்கும்வரை எழுந்திருக்கக் கூடாது.

பாலிசியை வாசிக்கும்போது அவருடைய விரல் இணைப்புகள் இருக்கும் பகுதிக்குத்தான் முதலில் போகும். அங்கே ஒரே ஒரு வரியைத் தேடும். அதுதான் குடும்பப் பாதுகாப்பு இணைப்பு. அந்த வரி இருந்தால் "கடவுளுக்கு நன்றி" என்பார். இல்லாவிட்டால் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைக்கத் தொடங்கிவிடுவார்.

அந்த வரி என்ன செய்யும் என்பதை நான் ஒரு பள்ளி ஆசிரியையின் விஷயத்தில்தான் முதன்முதலில் பார்த்தேன். பாதசாரிக் கடவையில் நடந்துபோன அவரை ஒரு கார் இடித்துவிட்டு நிற்காமல் ஓடிவிட்டது. யார் என்று கடைசிவரை தெரியவில்லை. அவருடைய கார் அப்போது வீட்டு வாசலில்தான் நின்றது. ஆனாலும் அந்தக் காரின் பாலிசியில் இருந்த அந்த ஒரு வரி, ஓடிப்போனவனின் இடத்தில் நின்று அவருக்கு நட்டஈடு கொடுத்தது. "இதை நான் எப்போது வாங்கினேன்?" என்று அவர் என்னிடம் கேட்டார். அவருக்கே தெரியாது. அவருடைய முகவர் போட்டு வைத்திருந்தார், அவர் அதை நீக்கிவிடச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

சிவநேசன் நீக்கிவிடச் சொல்லியிருந்தார்.

ஸ்கார்பரோவில், வோபர்ன் பக்கம், ஒரு சிறிய வீட்டில் சிவநேசனும் மனைவி வசந்தியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். பிளாஸ்டிக் தொழிற்சாலை ஒன்றில் அவருக்கு இயந்திரம் ஓட்டும் வேலை. அதே தொழிற்சாலையில், அடுத்த இயந்திரத்தில் வேலை செய்தவர் கண்டீபன். இருவரும் இந்த ஊரில், அந்த வேலையிடத்தில்தான் பழகினார்கள். கண்டீபனுக்குக் கார் இல்லை. பஸ்ஸுக்குக் காத்திருந்து குளிரில் நின்றவரை ஒரு நாள் சிவநேசன் ஏற்றிக்கொண்டார். அதன்பிறகு தினமும் இருவரும் ஒன்றாகத்தான் போய்வந்தார்கள். கண்டீபனின் மனைவி மாலினிக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தபோது மூத்த மகளை வசந்திதான் வைத்துப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரே வீட்டில்தான் சமையல்.

ஒரு மத்தியானம் வேலை முடிந்து வரும்போது, எல்ஸ்மியர் வீதியில் பச்சை விளக்கில் போய்க்கொண்டிருந்த அவர்களுடைய காரை, சிவப்பு விளக்கில் நிற்காமல் வந்த ஒரு கார் பக்கவாட்டில் இடித்தது. கண்டீபன் இருந்த பக்கம். சிவநேசனுக்கு இடுப்பெலும்பும் தோளும் உடைந்தன. கண்டீபனுக்கு முள்ளந்தண்டு.

இடித்தவன் இளைஞன். பொலிசார் கேட்டபோது காப்புறுதிக்கு அத்தாட்சியான பிங்க் சிலிப்பை எடுத்துக் காட்டியிருக்கிறான். அதில் இருந்த திகதி முடியவில்லை. அதனால் வைத்தியசாலையில் எல்லோரும் ஒரு விஷயத்தில் நிம்மதியாக இருந்தார்கள். பிழை அவனுடையது, அவனுக்குக் காப்புறுதி இருக்கிறது, அவனுடைய கொம்பனி பார்த்துக்கொள்ளும்.

நான் அந்தக் கொம்பனியை அழைத்தேன். அவன் தவணைப் பணம் கட்டாததால் பாலிசி முன்னமே நிறுத்தப்பட்டிருந்தது. அவன் கையிலிருந்தது வெறும் கடதாசி.

பிறகு அவனையும் பார்த்தேன். உணவகம் ஒன்றில் கோப்பை கழுவுகிறவன். வாக்குமூலம் கொடுக்கும்போது அழுதான். அவன்மேல் வழக்குப் போடலாம், நீதிமன்றம் தீர்ப்பும் எழுதும். தீர்ப்பைக் கொண்டுபோய்க் கடையில் பால் வாங்க முடியாது.

டொறீன் சிவநேசனின் பாலிசியை விரித்தார். விரல் அந்தப் பகுதிக்குப் போனது. மேலும் கீழும் இரண்டு தடவை போனது. பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

நான் வோபர்னுக்குப் போனேன். சிவநேசன் வரவேற்பறையில் வைத்தியசாலைக் கட்டிலில் படுத்திருந்தார். வசந்தி தேநீர் கொண்டுவந்தார். நான் ஒரு வாய் குடித்துவிட்டு சொல்லிவிட்டேன்.

"அண்ணை, அவனுக்கு இன்சூரன்ஸ் இல்லை. நிறுத்திப்போட்டினம். அவன் காட்டினது பழைய சிலிப்."

"அப்ப?"

"அப்பிடி இல்லாதவன் இடிச்சால், உங்கட சொந்தப் பொலிசிதான் அவன்ர இடத்தில நிண்டு குடுக்கும். அது எல்லாப் பொலிசியிலயும் இருக்கு. ஆனால் அதுக்குச் சட்டம் வைச்சிருக்கிற அளவு இரண்டு லட்சம் டொலர்தான். அந்த விபத்தில காயப்பட்ட எல்லாருக்கும் சேர்த்து இரண்டு லட்சம்."

"எல்லாருக்கும் எண்டால்?"

"உங்களுக்கும் கண்டீபனுக்கும். அவருக்குக் கார் இல்லை, சொந்தப் பொலிசி இல்லை. அதால அவரும் உங்கட பொலிசியிலதான் கேக்கவேணும்."

மருந்துச் செலவு, சக்கர நாற்காலி, பராமரிப்பு எல்லாம் வேறு கணக்கு, அது தனியாக வரும், அதற்கும் ஓர் எல்லை உண்டு என்று விளக்கினேன். இனி வாழ்நாள் முழுவதும் உழைக்க முடியாமல் போவதற்கும், வலிக்கும், குடும்பம் இழந்ததற்கும் கொடுக்க வேண்டியவன் இடித்தவன்தான். அவனுக்குப் பதிலாக இருப்பது இந்த இரண்டு லட்சம்தான்.

சிவநேசன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ர பொலிசியில ஒரு மில்லியன் எண்டு எழுதியிருக்கு. நான் பாத்தனான்."

"அது நீங்கள் ஆரையாவது இடிச்சால் அவைக்குக் குடுக்கிறது, அண்ணை."

"நான் இடிச்சால் முன்பின் தெரியாதவனுக்கு ஒரு மில்லியன். என்னை ஒருத்தன் இடிச்சால் எனக்கும் கண்டீபனுக்கும் சேர்த்து இரண்டு லட்சமோ? ஆர் இந்தக் கணக்குப் போட்டது?"

 அதற்குப் பதில் இருந்தது. குடும்பப் பாதுகாப்பு இணைப்பு செய்வது அதைத்தான். முன்பின் தெரியாதவனுக்கு நீங்கள் எவ்வளவு வாங்கி வைத்திருக்கிறீர்களோ, அதே அளவை உங்களுக்கும் உங்கள் மனைவி பிள்ளைகளுக்கும் ஆக்கும். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் வசந்தி கேட்டுவிட்டார்.

"அக்கா, புதுப் பொலிசி எடுக்கேக்க ஏதோ குடும்பப் பாதுகாப்பு எண்டு ஒண்டு சொன்னவங்கள். அதுவோ?"

"ஓம்."

"நான்தான் வேண்டாமெண்டு சொல்லச் சொன்னனான். ரெண்டுபேரும் ஒழுங்காத்தானே கார் ஓடுறம், அது என்னத்துக்கு எண்டு."

"நீ சொன்னாலும் கையெழுத்து வைச்சது நான்தானே" என்றார் சிவநேசன்.

அந்த இணைப்புக்கு ஒரு வருடத்துக்கு ஆகும் செலவு, ஒரு குடும்பம் ஒரு தடவை வெளியில் போய்ச் சாப்பிடும் செலவுக்கும் குறைவு. நான் அதை அன்றைக்குச் சொல்லவில்லை. அவர்களுக்கும் தெரியும்.

எழும்பும்போது சிவநேசன் என் கையைப் பிடித்தார். "தங்கச்சி, அந்த இரண்டு லட்சத்தையும் கண்டீபனுக்குக் குடுங்கோ. எனக்கு வேண்டாம். அவன் இனி நடக்கமாட்டான்."

வசந்தி தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனார். அங்கிருந்து சொன்னார், அழாமல், மிக மெதுவாக: "நீங்கள் இனி மெசினில நிக்கமாட்டியள். எங்கட பிள்ளையளுக்கு ஆர் சோறு போடுறது?"

இரண்டு நாளுக்குப் பிறகு, மறுவாழ்வு வைத்தியசாலையில் கண்டீபனையும் பார்த்தேன். அதே செய்தியைச் சொன்னேன். அவர், "அப்ப அண்ணைக்கு முதல் குடுங்கோ. அவருக்கு வீட்டு மோட்கேஜ் கடன் இருக்கு. நாங்கள் வாடகைதானே" என்றார். பக்கத்தில் நின்ற மாலினி அவருடைய போர்வையைச் சரி செய்துகொண்டிருந்தார். கை நின்றுவிட்டது. பிறகு மறுபடி சரி செய்தார்.

ஒருவர் என்னிடம் சொன்னதை மற்றவரிடம் சொல்ல எனக்கு உரிமை இல்லை. இரண்டும் இரண்டு தனிக் கோப்புகள். அந்த விதி நல்ல விதி. எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறது. அந்த வாரம் முழுவதும் நான் இரண்டு பேருடைய வார்த்தைகளையும் எனக்குள்ளேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். டொறீனிடம் போய்க் கேட்டேன். "சொல்ல முடியாது" என்றார். கொஞ்சம் கழித்து, "எனக்கும் சொல்லத்தான் ஆசை" என்றார்.

பிறகு இரண்டு குடும்பங்களும் சட்டத்தரணிகளை வைத்தன. வைக்கத்தான் வேண்டும். ஆனால் சட்டத்தரணிகள் சொல்லும் முதல் விஷயம், மற்றத் தரப்போடு பேசாதீர்கள் என்பது. நேற்றுவரை ஒரே சட்டியில் சாப்பிட்டவர்கள் இரண்டு தரப்பாகிவிட்டார்கள். கடிதங்கள் போய்வந்ததில், சிவநேசன் அந்த இணைப்பை வேண்டாமென்று விட்டது மாலினிக்குத் தெரியவந்தது. அது இருந்திருந்தாலும் கண்டீபனுக்குச் செல்லுபடியாகியிருக்காது. அது பாலிசிக்காரரின் குடும்பத்துக்கு மட்டும்தான். ஆனால் சிவநேசனுக்குத் தன் வழி தனியாக இருந்திருக்கும். இந்தச் சிறிய பணத்தை இரண்டு வீடும் ஒன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றிருக்க வேண்டாம். மாலினி அதைச் சரியாகவே விளங்கிக்கொண்டார்.

"அவையின்ர கார். ஓடினதும் அவர். இன்சூரன்சைக் குறைச்சதும் அவை. இப்ப பாதி வேணுமாம்" என்று யாரிடமோ சொல்லியிருக்கிறார். அது வசந்தியின் காதுக்கு வந்தது. "ஒரு சதம் வாங்காமல் இத்தனை வருசம் ஏத்தி இறக்கினது. பிழை விட்டது இவரோ?" என்று வசந்தி சொன்னது திரும்பிப் போனது. இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான்.

டொறீன் ஒன்றைச் செய்தார். முதல் நாளே கொம்பனியின் மேலிடத்தில் பேசி, முழுத் தொகையையும் கொடுத்துவிட அனுமதி வாங்கினார். "அவர்களுடையதை அவர்கள் கெஞ்சி வாங்க வேண்டாம்" என்றார். ஆகவே எங்களோடு சண்டை இல்லை. மிஞ்சியிருந்தது பங்கு மட்டும்.

மத்தியஸ்தம் நகரத்தின் நடுவில் ஓர் உயர்ந்த கட்டடத்தில் நடந்தது. ஓர் அறையில் சிவநேசனும் வசந்தியும். நடைபாதையின் மறுமுனையில் இன்னோர் அறையில் கண்டீபனும் மாலினியும். மத்தியஸ்தர், வயதான ஒரு மனிதர், இரண்டு அறைக்கும் நடுவே காலையிலிருந்து நடந்துகொண்டிருந்தார். நானும் டொறீனும் மூன்றாவது அறையில் சும்மா இருந்தோம். எங்கள் கருத்தை மத்தியஸ்தர் கேட்டபோது, "இந்தப் பணத்தில் எங்களுக்கு இனி ஒரு பேச்சும் இல்லை" என்றார் டொறீன்.

மத்தியானம் வசந்தி எங்கள் அறைக்கு வந்தார். கையில் ஒரு பெட்டி, துணியால் சுற்றியிருந்தது.

"அக்கா, உதைக் கண்டீபனிட்டைக் குடுப்பியளே? பழக்கதோசத்தில கூடச் சமைச்சுப்போட்டன். ஆஸ்பத்திரிச் சாப்பாடு அவனுக்குப் பிடிக்காது."

நான் டொறீனைப் பார்த்தேன். அவர் தலையசைத்தார். பெட்டியைக் கொண்டுபோய் மற்ற அறையின் கதவைத் தட்டினேன். மாலினி திறந்தார். பெட்டியைப் பார்த்ததும் யாருடையது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"கொண்டுபோங்கோ அக்கா."

உள்ளேயிருந்து கண்டீபனின் குரல் வந்தது. "என்ன, புட்டு மணக்குது?"

மாலினி என்னைப் பார்த்துக்கொண்டே கதவை மெதுவாகச் சாத்தினார். பெட்டியை வசந்தியிடம் திருப்பிக் கொடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. நடைபாதை யன்னல் ஓரத்தில் வைத்தேன். பின்னேரம் எல்லாரும் போகும்போதும் அது அங்கேதான் இருந்தது.

அன்றைக்கே பங்கு முடிவானது. பெரும்பகுதி கண்டீபனுக்கு, மிகுதி சிவநேசனுக்கு. சிவநேசன் வாசிக்காமலே கையெழுத்து வைத்தார். இருவருக்குமே அது போதாது. லிப்ட்டுக்கு முன்னால், ஊன்றுகோல்களோடு நின்ற சிவநேசன், சக்கர நாற்காலி வருவதைக் கண்டு ஓர் அடி முன்னால் வைத்தார். கண்டீபன் தலையை நிமிர்த்தினார். மாலினி நாற்காலியை மற்ற லிப்ட்டின் பக்கம் திருப்பினார். அவ்வளவுதான் நடந்தது. 

டொறீன் காரில் ஏறியதும் திறப்பைப் போட்டு எஞ்சினைக் கிளப்பாமல் இருந்தார். "நாங்கள் இன்றைக்குச் செய்ததில் ஒரு பிழையும் இல்லை" என்றார். "இல்லை" என்றேன். அதற்குப் பிறகுதான் அவர் அழுதார்.

கண்டீபனின் குடும்பம் பிக்கரிங்கில் மாலினியின் தமையன் வீட்டுக்குப் போய்விட்டது. அவர் கீழ்த்தளத்தைச் சக்கர நாற்காலிக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுத்தாராம். சிவநேசன் வீட்டை விற்றுவிட்டு, அதே வோபர்னில் ஒரு மாடிக் கட்டடத்துக்குப் போனார். வசந்தி முதியோர் இல்லத்தில் இரண்டு வேலை செய்தார். நான் கடைகளில் அவரைக் காண்பதுண்டு. ஒவ்வொரு தடவையும், "அவை எப்பிடி இருக்கினமாம்?" என்று கேட்பார். "எனக்குத் தெரியாது, வசந்தி" என்பேன். அது உண்மை. கோப்பு மூடியபின் எங்களுக்கு ஒன்றும் தெரியவருவதில்லை.

இந்த வேலையின் வருத்தமே அதுதான். நாங்கள் எப்போதும் நடந்து முடிந்தபிறகு போகிறவர்கள். விபத்துக்கு முதல் நாள் போய்க் கதவைத் தட்டி, "இந்த ஒரு வரியை வெட்டாதீர்கள்" என்று சொல்லும் வேலை யாருக்கும் கொடுக்கப்படவில்லை. ஓய்வுபெற்ற பிறகு அதை நானே எடுத்துக்கொண்டேன். பிறந்தநாள் விழாக்களில் பக்கத்துக் கதிரைக்காரரிடம் கேட்கிறேன்: "காப்புறுதி இல்லாதவன், அல்லது போதாதவன் உங்களை இடித்தால், உங்களுக்கு எவ்வளவு வரும்?" அநேகமாக யாருக்கும் தெரிவதில்லை. கவனமாக ஓடுகிறேன், எனக்கு ஏன் என்கிறார்கள். சிவநேசனும் கவனமாகத்தான் ஓடினார். நீங்கள் கவனமாக இருப்பது மற்றவன் தவணை கட்டியதற்குச் சாட்சி அல்ல. உங்கள் முகவரை அழைத்து இந்தக் கேள்வியைக் கேளுங்கள். எதை வெட்டினாலும் அதை வெட்டாதீர்கள். அதோடு, உங்கள் காரில் தினமும் ஏறுகிறவருக்குச் சொந்தப் பாலிசி இல்லையென்றால், அவருடைய பங்கும் உங்கள் பங்கும் ஒரே பையில் இருக்கிறது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கண்டீபன் சென்ற குளிர்காலத்தில் இறந்துபோனார். படுக்கைப் புண்ணில் கிருமி பிடித்து இரத்தத்தில் ஏறிவிட்டது. செய்தி அறிந்து நான் ஸ்கார்பரோவில் இறுதிச்சடங்கு நடந்த மண்டபத்துக்குப் போனேன். வாகனத் தரிப்பிடத்தில் ஒரு காருக்குள் சிவநேசன் தனியாக இருந்தார். பக்கத்தில் போனேன். கண்ணாடியை இறக்கினார். நன்றாக நரைத்திருந்தார்.

"வசந்தி உள்ளுக்குப் போயிட்டாள். நான் உதிலயே இருக்கிறன் எண்டனான்."

"ஏன் அண்ணை? ஒருத்தரும் உங்களை வரவேண்டாமெண்டு சொல்லேல்லை."

"வரச்சொல்லவும் இல்லைத்தானே, தங்கச்சி."

நான் அந்தக் காரில் ஏறி அவர் பக்கத்தில் இருந்தேன்.  சனம் போவதும் வருவதுமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் மண்டபத்திலிருந்து ஓர் இளம் பெண் வெறும் சேலையோடு, குளிருக்கு ஒன்றும் போடாமல் ஓடிவந்தாள். கண்டீபனின் மகள், சின்னதில் வசந்தி வைத்துப் பார்த்த பிள்ளை.

"அங்கிள், ஐ ஆம் ஸோ ஸொறி, நீங்கள் இங்க இருக்கிறது இப்பதான் வசந்தி அன்ரி சொன்னவ. அம்மா உங்களை வரச்சொன்னவ. தே ஆர் கோயிங் டு குளோஸ் இற், பெட்டியை மூடப்போகினம், அங்கிள். பிளீஸ், கெதியா வாங்கோ."

அவர் இறங்கினார். ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தார். அந்தப் பெண் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். நான் பின்னால் போனேன்.

மண்டபத்துக்குள் சனம் விலகி வழி விட்டது. கண்டீபனை வைத்திருந்த பெட்டிக்கு எதிரே, முன்வரிசையில் மாலினி இருந்தார். அவருக்குப் பக்கத்தில், சொந்தக்காரருக்கென்று விடப்பட்ட கதிரையில், அவருடைய தமையன் இருந்தார். மாலினி தமையனின் தோளைத் தொட்டு எழும்பச் செய்தார்.

"உதில இருங்கோ அண்ணை" என்றார்.

சிவநேசன் இருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்தபடியே மாலினி, "எவ்வளவு காலம் போச்சு" என்றார்.

"ஓம் பிள்ளை" என்றார் சிவநேசன்.

பிறகு மண்டபத்துக்காரர்கள் வந்து பெட்டியை மூடினார்கள்.